பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கோடை முகாம்: இடம் பார்ப்பதிலிருந்து வழியனுப்புவது வரை

ஒரு சங்கைக் கண்ணால் பார்க்க 24 பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு நொடி போதும். கையால் பார்ப்பதென்றால் ஆளுக்குக் குறைந்தது 2 நிமிடம் வேண்டும். ஒரே சங்கை வைத்துப் பாடம் நடத்தினால் கடைசிப் பிள்ளையின் கைக்கு அது போய்ச்சேர 46 நிமிடம் ஆகும். அதற்குள் ஆசிரியர் பேசி முடித்திருப்பார். அந்தப் பிள்ளைக்குச் சங்கு என்பது வெறும் சொல்லாகவே நின்றுவிடும். எத்தனை பேரைச் சேர்ப்பது, ஒரு பொருளை எத்தனை வாங்குவது, ஒரு நாளைக்கு எத்தனை வகுப்பு வைப்பது என்பதையெல்லாம் இந்தக் கணக்கைக் கொண்டே முடிவு செய்யுங்கள்.

இங்கே சொல்லப்படுவது தமிழ்நாட்டில் மே மாதத்தில், விடுமுறையில் காலியாக இருக்கும் பள்ளி விடுதியில் நடத்தும் தங்கல் முகாம். 9 முதல் 14 வயதுவரை 24 பிள்ளைகள், 5 இரவு, 6 பகல். பிள்ளைகள் குறைந்தால் நல்லது. கூட்டுவதாக இருந்தால் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு குழு, ஒரு செட் பொருள், இரண்டு தன்னார்வலர் என்ற கணக்கில் கூட்டுங்கள்.

ஆட்கள்

24 பிள்ளைகள் ஆறு குழு. அதற்குப் 12 தன்னார்வலர்கள். இவர்களைத் தவிர வகுப்பெடுக்க நான்கு பேர், ஒரு செவிலியர், இரவில் தங்கப் பெண் வார்டன் ஒருவர், ஆண் வார்டன் ஒருவர், சமையலுக்கு இருவர். வகுப்பெடுக்கும் நான்கு பேரில் இருவராவது பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தன்னைப் போன்ற ஒருவர் போனில் பேசிக்கொண்டே வந்து, தானே டீ ஊற்றிக் குடித்து, வகுப்பையும் எடுத்துவிட்டுப் போவதைப் பக்கத்திலிருந்து கேட்பதே பல பிள்ளைகளுக்கு முதல் தடவையாக இருக்கும்.

பிள்ளைகளைத் தேடச் சிறப்புப் பள்ளிகளுக்கு மட்டும் போகாதீர்கள். ஊர்ப் பள்ளியில் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் முகாம் அதிகம் தேவைப்படுகிறது. அவர்களில் பலருக்குப் பிரெய்ல் பழக ஆள் கிடைப்பதில்லை. தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையையும் சந்தித்திருக்க மாட்டார்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்களுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் இவர்களைத் தெரியும். பிப்ரவரியிலேயே பேசிவிடுங்கள், ஏப்ரலில் தேர்வு வேலையில் யாரும் கிடைக்க மாட்டார்கள். பிரெய்ல் கருவிகள் குறித்துக் கேட்கப் பூந்தமல்லியில் தேசிய பார்வைக் குறையுடையோர் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது.

விண்ணப்பத்தில் கேட்க வேண்டியவை

'பார்வை எத்தனை சதவீதம்' என்ற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. பகலில் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா, மாலை மங்கலில் நடக்கத் தடுமாறுகிறதா, வெயிலில் கண் கூசுகிறதா, எந்த அளவு எழுத்தை வாசிக்க முடிகிறது என்று கேளுங்கள். குளிப்பது, தலை பின்னுவது, பாவாடை நாடா கட்டுவது, பிசைந்து சாப்பிடுவது ஆகியவற்றைத் தனியாகச் செய்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெற்றோர் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். வீட்டில் செய்ய விட்டிருக்க மாட்டார்கள். அதனால் பிள்ளையிடமும் போனில் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

கண் மருத்துவரின் கடிதத்தில் நோயின் பெயரோடு, எதைச் செய்யக் கூடாது என்பதும் இருக்க வேண்டும். விழித்திரை விலகும் ஆபத்து உள்ள பிள்ளை, கடுமையான கிட்டப்பார்வை உள்ள பிள்ளை ஆகியோருக்குத் தலையில் பந்தோ இடியோ படக் கூடாது. கண் அழுத்த நோய் உள்ள பிள்ளையைச் சிரசாசனம் போடச் சொல்லாதீர்கள். தலைகீழாக நின்றால் கண்ணில் அழுத்தம் ஏறும். நிறமி குறைந்த பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். செயற்கைக் கண் வைத்திருக்கும் பிள்ளை அதைத் தானே கழற்றி மாட்டுமா என்று கேட்டு வையுங்கள். மண்ணில் விளையாடும்போது அது கழன்று விழுந்தால் பதறாமல் எடுத்துக் கழுவித் தரச் செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பார்வையோடு செவித்திறனும் இழந்த பிள்ளைக்குத் தொடுமொழி தெரிந்த ஒருவர் முழுநேரம் கூடவே இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் 'சமாளித்துக்கொள்ளலாம்' என்று சேர்க்காதீர்கள். ஆறு நாளும் அந்தப் பிள்ளை தனியாகவே உட்கார்ந்திருக்கும்.

இடம்

இடம் பார்க்கப் போகும்போது பார்வையற்ற பயிற்றுநர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். கைத்தடி தரையில் இருப்பதைக் கண்டுபிடித்துவிடும். இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்காது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தரையை அல்ல, முக உயரத்தை. வராந்தாப் பக்கம் திறக்கும் சன்னல் கதவு, கழுத்து உயரத்தில் கட்டிய துணிக்கொடி, மாடிப்படியின் சரிந்த அடிப்பகுதி, தாழ்ந்த மரக்கிளை எல்லாவற்றையும் மூடுங்கள், அவிழ்த்துவிடுங்கள், அல்லது முன்னால் தடுப்பு வையுங்கள். கதவுகளுக்கு ஒரே விதி: முழுக்கத் திறந்திரு, இல்லையென்றால் முழுக்க மூடியிரு. பாதி திறந்த கதவின் ஓரம் நேராக நெற்றியில் இடிக்கும். திறந்த கிணறு, மூடியில்லாத கழிவுநீர்த் தொட்டி, கைப்பிடி இல்லாத மொட்டைமாடி இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

அடுத்தது ஓசை. டைல்ஸ் போட்ட பெரிய கூடத்தில் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். எதிரொலி நீண்டால் 24 பிள்ளைகள் பேசும்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஜமக்காளம் விரித்து, சன்னலுக்குத் துணித்திரை போட்டால் பாதிக்குப் பாதி அடங்கும். கடகடவென்று ஓடும் மின்விசிறியை முன்கூட்டியே பழுது பாருங்கள். ஜெனரேட்டரை வகுப்பறையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

கழிப்பறை வாசலில் தேங்காய் நார் மிதியடி, சாப்பாட்டுக் கூட வாசலில் சணல் சாக்கு, அவரவர் அறைக் கைப்பிடியில் வெவ்வேறு துணி முடிச்சு. காலும் கையும் தொட்டதும் இடம் தெரிந்துவிடும். படுக்கையறையிலிருந்து கழிப்பறைவரை இடுப்பு உயரத்தில் கயிறு கட்டினால் முதல் இரவுக்கு உதவும். மூன்றாம் நாள் அவிழ்த்துவிடலாம். குறைபார்வைப் பிள்ளைகளுக்காகப் படியின் விளிம்புதோறும் மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். முகாம் முடியும்வரை ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றக் கூடாது.

பொருட்கள்

பிரெய்ல் ஸ்லேட்டும் (தாளைப் பிடித்துக்கொள்ளும் கட்டம் போட்ட சட்டம்) ஸ்டைலஸும் (புள்ளி குத்தும் ஊசி) ஆளுக்கு ஒன்று, உபரியாக நாலு ஸ்டைலஸ். கெட்டித் தாள் முகாமில் எழுத ஆளுக்கு 25 வீதம் 600; வழியனுப்பும் பைக்கானது தனி. சாதாரண ஜெராக்ஸ் தாளில் குத்தினால் ஓட்டை விழும், புள்ளி எழும்பாது. 120 கிராமுக்குக் குறையாத தாளாக வாங்குங்கள். கணக்குக்கு டெய்லர் ஃபிரேம் (குழிகளில் அச்சுகளைச் செருகிக் கணக்குப் போடும் பலகை) வைத்தால், விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஈய அச்சுகள் தரையில் உருண்டால் அன்றைய வகுப்பு தேடுவதிலேயே போய்விடும்.

படம் வரையும் பலகையைக் கடையில் தேட வேண்டாம். ஏ4 அளவு பிளைவுட்டில் சன்னலுக்கு அடிக்கும் கம்பிக் கொசுவலையை இறுக்கி அடித்து, ஓரம் கையைக் கிழிக்காமல் இருக்கத் துணிப்பட்டை ஒட்டுங்கள். மேலே தாளை வைத்து மெழுகு கிரேயானால் அழுத்தி வரைந்தால் கோடு சொரசொரப்பாக எழும்பும். வரைந்த பிள்ளையே உடனே தொட்டுப் பார்க்கலாம். இது 24 வேண்டும். புள்ளிக் கோலத்துக்குத் தெர்மாகோலில் ஐந்துக்கு ஐந்து குண்டூசி குத்தி, கம்பளி நூலைச் சுற்றிச் சுற்றிச் சிக்குக் கோலம் போட வைக்கலாம். நூல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்ததா என்று விரலே சொல்லிவிடும்.

தன்னார்வலருக்கு ஒரு முழுநாள் பயிற்சி

கண்ணைக் கட்டி ஒரு மணி நேரம் நடக்கவிடும் பயிற்சி பல இடங்களில் வழக்கம். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. திடீரென்று கண் கட்டப்பட்டவருக்கு வருவது பயம். பிறவியிலிருந்தே பார்வையற்ற பிள்ளை அந்தப் பயத்தில் வாழவில்லை. கட்டை அவிழ்த்ததும் மிஞ்சுவது இரக்கம்தான். பிள்ளையின் வேலையைப் பிடுங்கிச் செய்யவைப்பது அந்த இரக்கம்தான். அந்த நேரத்தைக் கீழே உள்ளவற்றுக்குக் கொடுங்கள்.

கூட்டிப் போகும்போது பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோளைத் தள்ளக் கூடாது. பிள்ளைதான் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும்; சிறு பிள்ளையானால் மணிக்கட்டை. நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். குறுகிய வழி வந்தால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். பிள்ளை தானாக உங்கள் பின்னால் வந்துவிடும். படி வந்தால் நின்று, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள். நாற்காலியில் பிடித்து உட்கார வைக்காதீர்கள். முதுகுச் சாய்மானத்தில் பிள்ளையின் கையை வைத்தால் போதும்.

'அங்கே', 'இந்தா', 'இந்தப் பக்கம்' என்ற சொற்கள் முகாமுக்குள் வேண்டாம். 'உன் வலது கைக்கு நேரே ஒரு முழம் தள்ளி' என்று சொல்லுங்கள். கிட்டே வரும்போது பெயரைச் சொல்லுங்கள், போகும்போது போகிறேன் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை காலி இடத்தோடு பேசிக்கொண்டிருக்கும். 'நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்' என்று ஒருவரும் கேட்கக் கூடாது. கேட்பவருக்கு அது விளையாட்டு. பிள்ளைக்கு நாளுக்கு இருபது தடவை வைக்கும் பரீட்சை.

கைவேலை கற்றுத்தரும்போது பிள்ளையின் கைமேல் உங்கள் கையை வைத்து அசைக்காதீர்கள். உங்கள் கை கீழே, பிள்ளையின் கை மேலே. நீங்கள் செய்யச் செய்ய அது தொட்டுப் பார்க்கும், வேண்டாமென்றால் கையை எடுத்துக்கொள்ளும். பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்துவரை எண்ணிவிட்டுத்தான் உதவிக்குப் போக வேண்டும்.

எல்லாத் தன்னார்வலரும் தம் பெயரையாவது பிரெய்லில் எழுதக் கற்க வேண்டும். ஆறு புள்ளிகள் (இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6), 63 வடிவங்கள். தமிழின் 247 எழுத்துக்கும் 247 வடிவம் கிடையாது. மெய்யை அடுத்து உயிரை வைத்தால் உயிர்மெய். 'அம்மா' என்பதற்கு அ (புள்ளி 1), மெய்க்கான புள்ளி 4, ம (1-3-4), மறுபடி ம, ஆ (3-4-5) என ஐந்து கட்டங்கள். புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும் என்பதிலும், 'கெ' எழுதும்போது கொம்பின் ஒலி ககரத்துக்குப் பின்னால் வரும் என்பதிலும் கண்ணால் படித்துப் பழகியவர்கள் தடுமாறுவார்கள். ஸ்லேட்டில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

பாதுகாப்பு விதிகளையும் அன்றே சொல்லிவிடுங்கள். தொட்டு வழிகாட்டும் வேலை என்பதால் இங்கே இரட்டிப்புக் கவனம் வேண்டும். தொடும் முன் சொல்ல வேண்டும். பிள்ளை வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும். பெரியவர் ஒருவரும் ஒரு பிள்ளையும் மட்டும் மூடிய அறையில் இருக்கவே கூடாது. குளிக்க உதவி தேவைப்பட்டால் அதே பாலினத்தவர் இருவர். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தவர் புகார் தராமல் இருப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்யவையுங்கள்.

முதல் நாள்

பாடம் எதுவும் வேண்டாம். காலை முழுவதும் இடத்தைப் பழகுவதற்கே. ஒரு குறிப்பிடத்தைத் தேர்ந்தெடுங்கள். கூடத்தின் தண்ணீர்ப் பானை நல்ல இடம். அங்கிருந்து கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும், பிறகு படுக்கைக்கு, பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்கு. ஒவ்வொரு தடவையும் பானைக்கே திரும்ப வேண்டும். முதலில் கைபிடித்து, அடுத்து இரண்டடி பின்னால், கடைசியில் தூரத்தில் நின்று. மாலைக்குள் ஒவ்வொரு பிள்ளையும் தனியாகக் கழிப்பறைக்குப் போய் வந்துவிட்டால் முகாமில் பாதி வேலை முடிந்தது. போகத் தெரியாத பிள்ளை, கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். மே வெயிலில் அது நேராக மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

அன்றாட நேரம்

காலை 6.30 முதல் 8 வரை மைதானம். 9 முதல் 10.30, 11 முதல் 12.30 என இரண்டே வகுப்பு. 3 மணிவரை ஓய்வு. 3.30 முதல் 5 வரை வீட்டுவேலை, போன், பணம். பிறகு விளையாட்டு, மாலைக்கண் உள்ள பிள்ளைகளுக்காக அதை 6 மணிக்கே முடித்துவிடுங்கள். 6.30க்கு இருட்டத் தொடங்கும்போது அவர்கள் மைதானத்தில் இருக்கக் கூடாது.

வெளிச்சமே தெரியாத சில பிள்ளைகளுக்கு உடலின் தூக்க நேரம் தள்ளித் தள்ளிப் போகும். இரவு 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் அது குறும்பு அல்ல. காதில் மாட்டிக் கேட்க ஒரு கதை ஒலிப்பதிவும், விழித்திருக்க ஒரு வார்டனும் இருந்தால் போதும். காலையில் அதட்டி எழுப்பாதீர்கள்.

வகுப்புகளில் எது பலிக்கும்

சூரியக் குடும்பத்தைப் பந்துகளைத் தொங்கவிட்டுக் காட்டுவது தவறான பாடம். தூரம் பற்றி ஒன்றும் சொல்லாது. 31 மீட்டர் கயிறு இரண்டு எடுங்கள். ஒரு நுனி சூரியன். அங்கிருந்து 39 சென்டிமீட்டரில் புதன், 72இல் வெள்ளி, 1 மீட்டரில் பூமி, 1.52இல் செவ்வாய், 5.2இல் வியாழன், 9.5இல் சனி, 19.2இல் யுரேனஸ், 30இல் நெப்டியூன். முடிச்சுப் போட்டால் கயிறு சுருங்கி அளவு தப்பும். துணிப்பட்டையைத் தைத்து, பிரெய்ல் ஒட்டுங்கள். மைதானத்தில் கட்டி, பிள்ளைகளைக் கயிற்றைப் பிடித்து நடக்கவிடுங்கள். முதல் நான்கு கோளும் இரண்டு எட்டில் வந்துவிடும். அடுத்ததைத் தேடித் தேடிக் கை சலிக்கும். அந்தச் சலிப்புதான் பாடம். இந்த அளவில் சூரியன் ஒரு கொண்டைக்கடலை, வியாழன் ஒரு கசகசா. பூமியோ விரலுக்கே அகப்படாது. மறுநாள் அதே கயிற்றை எடுத்து, பெரிய நீலத் திமிங்கிலம் ஏறக்குறைய இவ்வளவு நீளம் என்று சொல்லுங்கள். தலையில் ஒரு பிள்ளை, வாலில் ஒரு பிள்ளை நின்று குரல் கொடுத்துப் பார்க்கட்டும்.

மிதப்பதும் மூழ்குவதும் குழுவுக்கு ஒரு பக்கெட் தண்ணீரில் நடக்கட்டும். தோலோடு போட்ட ஆரஞ்சு மிதக்கும், உரித்ததும் மூழ்கும். தோலில் அடைபட்ட காற்றுதான் காரணம் என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். தோலைக் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு ஒரு பிற்பகல் முழுவதும் கொடுங்கள். புதிய வரிசையில் 10 ரூபாய்த் தாள் 123 மில்லிமீட்டர் நீளம், 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. புதுத் தாளில் 100 முதல் உள்ளவற்றில் ஓரக்கோடுகள் மேடாகத் தட்டுப்படும். கசங்கிய தாளில் தேய்ந்துவிடும். 100க்கும் 200க்கும் வித்தியாசம் 4 மில்லிமீட்டர்தான். ஆகவே இந்த ஆறு நீளத்திலும் வெட்டுக்குறி இட்ட அட்டைப்பட்டை ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் தானே வெட்டட்டும். விளையாட்டுத் தாள் வேண்டாம். உண்மையான தாளே வேண்டும். ஐந்தாம் நாள் கடைக்குக் கூட்டிப் போய், தன்னார்வலர் மூன்றடி தள்ளி நிற்க, பிள்ளையே பேசி வாங்கட்டும். கடைக்காரர் மீதியைத் தன்னார்வலரிடம் நீட்டுவார். வாங்காதீர்கள்.

போனுக்குக் குழுவுக்கு ஒன்று போதும். தமிழ்க் குரலை முந்தின நாளே இறக்கி வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஒலி கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து 3 நொடி அழுத்தினால், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வரும் என்பதைப் பிள்ளை முதலில் கற்கட்டும். பிறகு வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இரண்டு தட்டினால் திறக்கும். காதில் மாட்டுவது ஒரு காதில் மட்டும். மறு காது வகுப்புக்கு. கணினி இருந்தால், திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழும் பேசும்.

விளையாட்டுக்குச் சலங்கைப் பந்து கிடைக்காவிட்டால் சாதாரணப் பந்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள், சரசரவென்று கேட்கும். கோல்பால் (ஓசை வரும் பந்தை எதிரணியின் கோலுக்கு உருட்ட, அவர்கள் காதால் கேட்டுத் தடுக்கும் ஆட்டம்) ஆட 18க்கு 9 மீட்டர் தளம், பக்கத்துக்கு மூவர். கோட்டுக்கு அடியில் சணல் நூல் வைத்து மேலே டேப் ஒட்டினால் காலே எல்லையைக் கண்டுபிடிக்கும். எல்லோரும் கண்ணை மறைத்து ஆடுவதால் குறைபார்வைப் பிள்ளைக்குத் தனிச் சாதகம் இல்லை. கண்மறைப்பு ஆளுக்கு ஒன்று, பெயரிட்டு, தினம் துவைத்து. துண்டும் அப்படியே. மெட்ராஸ் ஐ ஒருவருக்கு வந்தால் இரண்டே நாளில் முகாம் முழுக்கப் பரவும். மிச்சமிருக்கும் கொஞ்சப் பார்வைக்கு அது விளையாட்டான நோய் அல்ல.

சாப்பாடும் மருந்தும்

வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு குறைபார்வைப் பிள்ளைக்குத் தெரியாது. வாழையிலையில் தெரியும், ஆனால் இலைக்கு விளிம்பு கிடையாது, பார்வையற்ற பிள்ளை பிசையும்போது வெளியே போகும். விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டில் இலையை வட்டமாக வெட்டிப் போட்டால் இரண்டு தொல்லையும் தீரும். எது எங்கே என்பதைக் கடிகார முள்போல் சொல்லுங்கள்: 12இல் பொரியல், 3இல் கூட்டு, 9இல் அப்பளம். கடிகாரத்தைத் தொட்டறியாத பிள்ளைக்கு மேலே, கீழே, இடது, வலது போதும். குளிர்ந்த தண்ணீரை விரலை விளிம்பில் வைத்துத் தானே ஊற்றட்டும். சிந்தினால் துடைக்கும் துணியும் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.

கண் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட வேண்டும். முதல் மருந்துப் புட்டிக்கு ஒரு ரப்பர் வளையம், இரண்டாவதற்கு இரண்டு. இரண்டுக்கும் நடுவில் 5 நிமிட இடைவெளி வேண்டும்; இல்லாவிட்டால் பின்னது முன்னதை அடித்துக்கொண்டு போய்விடும். எதைக் குளிரில் வைக்க வேண்டும் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள்.

கெடுப்பவை

நன்கொடையாளர் இனிப்போடு காலை 11 மணிக்கு வருவார், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடச் சொல்வார், படம் எடுப்பார். அந்த ஒன்றரை மணி வகுப்பு திரும்ப வராது. வர விரும்புகிறவர்களை மாலை 5 மணிக்கு வரச் சொல்லி, கண்மறைப்பைக் கொடுத்து கோல்பால் ஆட்டத்தில் சேர்த்துவிடுங்கள். படத்துக்குப் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். பிள்ளையிடமும் கேட்க வேண்டும்.

நன்றாகப் பேசும் நான்கு பிள்ளைகள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவார்கள். பேசாத பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம், ஒன்றும் தொட்டுப் பார்க்காமலும் இருந்திருக்கலாம். ஒவ்வொரு இரவும் குழுவின் தன்னார்வலரிடம் 'இன்று இந்தப் பிள்ளை தன் கையால் எதைச் செய்து முடித்தது' என்று நான்கு பேருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் வராத பெயருக்கு மறுநாள் முதல் வாய்ப்பு.

கடைசி நாள்

மேடை நிகழ்ச்சிக்குப் பதில், பெற்றோரைக் காலை 9 மணிக்கே வரவழைத்துப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள். பிள்ளை வீட்டாரைக் கூட்டிப் போய்ப் படுக்கை, கழிப்பறை, மைதானம் எல்லாவற்றையும் காட்டும். எலுமிச்சை பிழிந்து சாறு ஊற்றிக் கொடுக்கும். அவர்கள் பணத்தை அளந்து சொல்லும். அம்மா டம்ளரைப் பிடிக்கக் கையை நீட்டுவார். பக்கத்தில் இருக்கும் தன்னார்வலர் மெதுவாகத் தடுக்க வேண்டும்.

வழியனுப்பும் பையில் ஸ்லேட், 50 தாள், பண அளவுப்பட்டை, கொசுவலைப் பலகை. அவரவர் செய்யக் கற்ற மூன்று வேலைகளை எழுதிய தாள் ஒன்று, பிரெய்லிலும் அச்சிலும். நான்கு வாரம் கழித்துப் போன் போடுங்கள். பெற்றோரிடம் அல்ல, பிள்ளையிடம் பேசுங்கள்: அந்த மூன்றில் வீட்டில் எதைச் செய்ய விடுகிறார்கள், எதை விடவில்லை? விடாததற்கு என்ன காரணம் என்று பிறகு பெற்றோரிடம் கேட்டு, அந்த வட்டாரச் சிறப்புப் பயிற்றுநருக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.